இடது பக்கத்துச் சீட்

ஜூன் 22, சனி

பழைய கேஜை அறுத்து எடுத்துப் புது வண்டியில் வைத்துவிடலாம் என்று பட்டறைக்கார ராபின் அண்ணன் சொன்னார். என் வீட்டுக்காரர் லோகு ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒருக்கா உருண்ட கேஜு உருண்டதுதானுங்ணா. அதுக்கப்புறம் அது வெறும் பைப்பு."

நானும் தலையை ஆட்டினேன். புனேயில் ஒரு கம்பெனிக்காரர்கள் எஸ்டீம் காருக்கு என்றே அளவெடுத்து, குழாய்களை வளைத்து, சான்றிதழோடு கிட்டாக அனுப்புகிறார்கள். பொருத்துவதும் பற்றவைப்பதும் நம் பாடு. அதை வாங்குவது என்று முடிவாகிவிட்டது.

புது வண்டி என்று சொல்லிக்கொள்கிறோமே தவிர, அதுவும் கிழட்டு எஸ்டீம்தான். ஈரோட்டில் ஒரு டாக்டர் வைத்திருந்தது. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் ஓட்டியிருக்கிறார். அதை ராலிப் பந்தய வண்டியாக்கப் போகிறோம் என்று நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சாவியைக் கொடுத்திருக்க மாட்டார்.

எங்கள் மில் லேபில் புதிதாகச் சேர்ந்த சத்யா, கேஜ் என்றால் என்ன என்று கேட்டாள். வண்டிக்குள் கூண்டு மாதிரி இரும்புக் குழாயில் கட்டுவது, வண்டி உருண்டால் கூரை நம் தலையில் இறங்காமல் இருக்க என்றேன். "உருளுமாக்கா?" என்றாள். போன வருஷம் சிக்மகளூர்ப் பக்கம் காபித் தோட்டத்துச் சாலையில் உருண்டோம், கேஜ் தாங்கியது, எனக்குக் காறை எலும்பு முறிந்தது, லோகுவுக்குச் சிராய்ப்பு, புல்லுக்குள் ஒரு கல் இருந்தது, அவ்வளவுதான் என்றேன். அவளிடம் இன்னும் கேள்விகள் இருந்தன. எனக்குச் சோதிக்க வேண்டிய நூல் மாதிரிகள் இருபது பாக்கி இருந்தன. நூலை இழுத்து எத்தனை பாரத்தில் அறுகிறது என்று குறிப்பதுதான் என் உத்தியோகம்.

ஜூன் 23, ஞாயிறு

மாமா, லோகுவின் அப்பா, மறுபடி ஆரம்பித்துவிட்டார். "ரெண்டு பேரும் ஒரே வண்டியிலயா ஏறோணும்? ஒருத்தரு ஊட்டுல இருந்தா ஆகாதா அம்முணி? புள்ள இருக்குதல்லோ."

பிள்ளை சஷ்டிகா. இரண்டாம் வகுப்பு. நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே தோசையில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

மாமாவிடம் என்னத்தைச் சொல்ல? நான் லோகுவைக் கட்டிக்கொள்வதற்கு முன்பே அவருடைய நேவிகேட்டர். வலது பக்கம் அவர் ஓட்டுவார், இடது பக்கம் உட்கார்ந்து நான் அடுத்த திருப்பம் என்ன என்று நோட்ஸைப் பார்த்துப் படிப்பேன். மற்றவர்கள் எல்லாம் இங்கிலீஷில் படிப்பார்கள். எங்களுடையது தமிழ். "வலது ரெண்டு, நூறு, மேடு, எடது மூணு, இறுகுது, வெட்டாதே." எண் என்றால் திருப்பத்தின் கூர்மை, நூறு என்றால் மீட்டர், வெட்டாதே என்றால் உள்ளோரப் புல்லில் ஏற்றாதே. கிளம்பும் முன் நான் ஒத்திகை பார்ப்பதைக் கேட்டுவிட்டுப் போட்டிக்கு வந்த சென்னைக்காரர்கள் சிரிப்பார்கள். நேரப் பட்டியல் ஒட்டியதும் சிரிப்பு நின்றுவிடும்.

ஒரு வருஷமாக வாடிக் கிடந்த மனிதர், கேஜ் பற்றிப் பேசும்போதுதான் முகத்தில் கொஞ்சம் களை வருகிறது. ராலிதான் அவருக்கு உயிர். அதை நான் கெடுக்கப் போவதில்லை.

ஜூன் 27, வியாழன்

கிட்டுக்குச் சொல்லியாயிற்று. மழைக்காலம், லாரி தாமதமாகலாம் என்றார்கள். பரவாயில்லை, மெதுவாக வரட்டும் என்றேன். போனை வைத்த பிறகு லோகு, "எதுக்கு மெதுவாங்கறே?" என்றார். மரியாதைக்குச் சொன்னேன் என்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

கிட் வந்துவிட்டது. பார்சல் ஆபீஸ்காரர் போன் போட்டு, "பந்தல் சாமான் வந்திருக்குதுங்க, எடுத்துட்டுப் போங்க" என்றார். போய்ப் பார்த்தால் அவர் மேல் தப்பில்லை. சாக்குச் சுற்றிய நீண்ட குழாய்கள், ஒரு பெரிய வளையம், ஒரு பெட்டி நிறைய போல்ட்டும் தகடும். பார்க்கிறவன் பந்தல் என்றுதான் நினைப்பான்.

அந்தப் பெரிய வளையத்தை மெயின் ஹூப் என்கிறார்கள். சீட்டுகளுக்குப் பின்னால், தரையில் இந்தக் கோடியில் கிளம்பிக் கூரையை ஒட்டி ஏறி அந்தக் கோடியில் இறங்கும். நடுவில் ஒட்டு கிடையாது, ஒரே குழாய். மற்றதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். டெம்போவில் அதை ஒரு பக்கம் லோகுவும் ஒரு பக்கம் நானும் பிடித்துக்கொண்டு கணபதியில் இருக்கும் ராபின் அண்ணன் பட்டறை வரைக்கும் வந்தோம். காற்றில் சாக்கு படபடவென்று அடித்தது.

ராபின் அண்ணன் குழாயைத் தட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, "சுத்தமான சீம்லெஸ்ஸு, ஒட்டே இல்ல தங்கச்சி, கோயில் மணியாட்டம் இருக்குது" என்றார். அவர் எல்லாவற்றையும் கோயில் மணி என்பார். போன கேஜையும் அப்படித்தான் சொன்னார்.

ஜூலை 14, ஞாயிறு

டாக்டரின் வண்டியை உரித்தோம். சீட், தரை விரிப்பு, கூரைத் துணி, டாஷ்போர்டு, எல்லாம் வெளியே. தரையில் ஒட்டியிருக்கும் தார்ப்பட்டையைச் சுரண்டுவது மட்டும் அரை நாள். சுரண்டாமல் பற்றவைத்தால் தீப்பிடிக்கும். சஷ்டிகா பின் சீட்டுக்கு அடியிலிருந்து டாக்டருடைய பேனா ஒன்றும் பாதி சூயிங்கம்மும் கண்டெடுத்தாள். பேனா எழுதுகிறது. இதை அதில்தான் எழுதுகிறேன்.

மதியம் எல்லோருக்கும் தக்காளிச் சாதம். லோகு சாப்பிட்டுவிட்டு வெறும் ஓடாக நிற்கும் வண்டிக்குள் போய் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். என்ன பார்க்கிறீங்க என்றால், அளவு என்றார். கையில் டேப் இல்லை.

ஜூலை 16, செவ்வாய்

நாளை ஆடி பிறக்கிறது. ஆடியில் புது வேலை ஆரம்பிக்கக் கூடாது என்று மாமா பஞ்சாங்கத்தோடு பட்டறைக்கே வந்துவிட்டார். இன்றைக்கே, நல்ல நேரத்திலேயே, ஒரு பற்றாவது வைத்துவிட வேண்டுமாம். வெல்டிங் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம். ராபின் அண்ணன் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவரும் பொட்டு வைத்துக்கொண்டு, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, கேஜின் முன்கால் தகட்டில் ஒரு புள்ளி வைத்தார்.

மாமா போனதும் பார்த்தால் தகடு இரண்டு விரல் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. நல்ல நேரம் முடிவதற்குள் வைக்கிற அவசரம். அண்ணன் அந்தப் புள்ளியைத் தேய்த்து எடுத்துவிட்டார். "சாமிக்கு வெச்சது கணக்குல இருக்குது தங்கச்சி. நமக்கு வெக்கறத அப்புறம் நிதானமா வெச்சுக்கலாம்."

ஜூலை 21, ஞாயிறு

பெரிய வேலை இன்றைக்குத்தான். கூரையை ஒட்டி இருக்கும் மூட்டுகளின் மேல்பக்கம் பற்றவைக்கக் கை நுழையாது. அதனால் வண்டித் தரையில் நாலு ஓட்டை அறுத்து, முழுக் கேஜையும் அதற்குள் இறக்கிவிடுகிறார்கள். மேலே இடம் கிடைக்கிறது, சுற்றிலும் பற்றவைக்கிறார்கள். பிறகு தூக்கி நிறுத்தி, ஓட்டைக்கு மேல் தகடு வைத்துக் கால்களை உட்கார்த்துகிறார்கள். பார்க்க நன்றாக இருந்தது. ஒரு வீட்டைத் தூக்கி நிறுத்துவதைப் பார்ப்பது மாதிரி.

சீட் வைத்துத் தலைக்கும் குழாய்க்கும் இடைவெளி பார்க்க வேண்டும், ஹெல்மெட்டோடு வா என்றார் லோகு. மில்லில் ஸ்டாக் எடுக்கிறார்கள், அடுத்த வாரம் வருகிறேன் என்றேன்.

ஜூலை 25, வியாழன்

லோகுவின் டயர் கடைக்குப் போக நானும் அவரும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். காந்திபுரத்தில் ஒரு டவுன் பஸ்ஸுக்கு வழி விட்டார். ஒரு ஆட்டோவுக்கு வழி விட்டார். கடைசியில் தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் விற்கிறவருக்கும் வழி விட்டார். ராலியில் என்னை அழைத்துக்கொண்டு பறந்த மனிதரா இவர்? கேட்டால் டிராஃபிக் என்கிறார்.

ஜூலை 28, ஞாயிறு

கேஜுக்குச் சாம்பல் பெயின்ட் அடித்தாயிற்று. போல்ட் எல்லாம் இறுக்கிக் குறி போட்டாயிற்று. சீட் இரண்டும் வந்துவிட்டன. தலை படக்கூடிய இடங்களில் எல்லாம் குழாயைச் சுற்றிக் கனமான பஞ்சு உறை, அதன் மேல் பிளாஸ்டிக் பட்டை.

சஷ்டிகாவுக்கு லேசாகக் காய்ச்சல். அதனால் என் ஹெல்மெட்டை மட்டும் லோகுவிடம் கொடுத்து அனுப்பினேன். என் உயரம் தெரியுமல்லவா, வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் வாங்கிக்கொண்டு போனார். ராபின் அண்ணன்தான் போன் போட்டார்: "ஏந்தங்கச்சி, ஹெல்மெட்டா நோட்ஸ் படிக்கும்?"

காய்ச்சல் பத்து மணிக்கே விட்டுவிட்டது. அதற்குள் இட்லிக்கு ஊறப் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 3, சனி, ஆடிப்பெருக்கு

ஆடியிலும் பதினெட்டுக்குத் தோஷம் இல்லையாம். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து பூசை போட்டோம். மாலை, எலுமிச்சம்பழம், பூசணிக்காய். சித்ரான்னம் நாலு வகை. சொந்தக்கார ஒறம்பரை நாலு வீடு. எல்லோரும் வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "ஜெயில் கம்பியாட்டம் இருக்குது" என்று ஒரே மாதிரி சொன்னார்கள். அப்படிச் சொல்வது நல்லதில்லை என்று ஒரு சித்தி அதட்டினார்.

வெள்ளிக்கிழமை வண்டிப் பரிசோதனை. சனி, ஞாயிறு ராலி. இந்தமுறை பல்லடம் பக்கம், காற்றாலைகளுக்கு நடுவில் இருக்கும் மண் சாலைகள். எனக்குத் தெரியாத மண் இல்லை.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் படுத்துவிட்டார்கள். மாமா மட்டும் போர்ட்டிகோவில் என்னவோ செய்துகொண்டிருந்தார். பம்ப்செட் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், கை சும்மா இருக்காது. டிரில் சத்தம் கேட்டது. யாருடைய மிக்ஸியோ என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்றைக்குச் சாக்கு எதுவும் மிச்சமில்லை. பெல்ட் அளவு வைத்தே ஆக வேண்டும். காலையில் போர்ட்டிகோவில் நின்ற வண்டியில், இடது பக்கம் ஏறி உட்கார்ந்தேன். சீட் நன்றாக இருக்கிறது. கால் வைக்கும் தகடு சரியாக இருக்கிறது. பெல்ட்டைத் தோளில் போட்டதும் காறை எலும்பு கொஞ்சம் பேசியது. வேர்த்தது. ஆடி மாதத்துக்கு இவ்வளவு புழுக்கம் ஆகாது.

பிடித்துக்கொள்ள எதையாவது தேடிக் கையை மேலே கொண்டுபோனேன். தலைக்குப் பின்னால், மெயின் ஹூப்பில், பஞ்சு உறை ஒரு இடத்தில் புடைத்திருந்தது. பட்டையை அவிழ்த்து உறையை விலக்கினேன். உள்ளே ஒரு செப்புத் தகடு. கோடும் எழுத்தும் கீறிய எந்திரத் தகடு. அதைக் குழாயில் துளை போட்டு இரண்டு ஸ்குரூவால் இறுக்கியிருந்தார்கள்.

மாமா வாசலில் பேப்பர் படிப்பது மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"மாமா, இது நீங்க வெச்சதுங்களா?"

"பாத்துட்டியா. ஜோசியரு இரும்புல பதிக்கோணும்னு சொன்னாரு. கட்டி உட்டா வேலை செய்யாதாமா." பிறகு பேப்பரை மடித்தார். "போனவாட்டி உனக்குத்தான அடி பட்டுது. அதான் உன்ற தலைக்கு மேல வர்ற மாதிரி பாத்து வெச்சேன். லோகுகிட்டச் சொல்லீராத அம்முணி, கத்துவான்."

எனக்கு இந்த மனிதர் மேல் கோபமே வரவில்லை. பெற்ற அப்பா இருந்திருந்தாலும் இப்படி இடம் பார்த்து வைத்திருப்பாரா தெரியாது. சரிங்க மாமா என்றுவிட்டு உறையைப் பழையபடி மூடிப் பட்டையைக் கட்டினேன்.

விதிப் புத்தகத்தில் இருப்பது எனக்குப் பக்கத்தோடு தெரியும். கேஜின் எந்தக் குழாயிலும் துளை கூடாது. துளை இருந்தால் அந்தக் குழாயை மாற்ற வேண்டும். மெயின் ஹூப் என்றால், ஒரே குழாய், எல்லாமே அதில்தான் ஒட்டியிருக்கிறது. கேஜ் முழுக்கப் போயிற்று என்று அர்த்தம். ஒரு இழையில் சின்னதாக ஒரு கீறல் விழுந்தால் நூல் எங்கே அறும் என்று நான் தினமும் பார்க்கிறேன்.

லோகுவிடம் நாளைக்குச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 5, திங்கள்

லோகு கடையிலிருந்து தாமதமாக வந்தார். களைப்பாக இருந்தார். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மாமாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். பெரியவர்களுக்குக் கொடுத்த வாக்கு. அதையும் பார்க்க வேண்டும் அல்லவா.

தவிர, பரிசோதனை என்று ஒன்று எதற்கு இருக்கிறது? அதிகாரி பஞ்சை விலக்கிப் பார்ப்பார். பார்த்தால் வண்டி நின்றுவிடும். லோகு வருத்தப்படுவார். இரண்டு நாள் சாப்பிட மாட்டார். நான் யாரையும் தடுத்ததாக ஆகாது.

சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். ஒருத்தரும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். லோகு இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் 7, புதன்

சாலை பார்த்து நோட்ஸ் எழுதுகிற நாள். ராலி வண்டியில் அல்ல, அவருடைய கடை வேனில், மெதுவாக. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டு வந்தேன். ஒரு இடத்தில் சாலையோரம் கோரைப்புல் அடர்ந்திருந்தது. லோகு வேனை நிறுத்தி இறங்கிப்போய்க் காலால் புல்லை விலக்கிப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த திருப்பத்திலும் இறங்கினார். அதற்கடுத்ததிலும். பின்னால் நோட்ஸ் எழுதிக்கொண்டு வந்த சேலத்துக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள்.

"எல்லாப் புல்லையும் பாப்பீங்களா?" என்றேன்.

"பாத்தா என்ன கெட்டுப்போச்சு?"

எரிச்சலாக இருந்தது. அப்புறம் அவர் பார்க்காமல் விட்ட ஒரு புல்லை, எதற்கோ, நான் இறங்கிப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

உடுப்பு, ஹெல்மெட், லைசென்ஸ், ரத்த வகை எழுதிய அட்டை எடுத்து வைத்தாயிற்று. சஷ்டிகாவுக்கு இரண்டு நாள் துணி. என் அக்கா வந்து கூட்டிப் போனாள். வண்டியில் ஏறும்போது சஷ்டிகா, "ஞாயித்துக்கெழம எத்தனை மணிக்கு வருவீங்க?" என்றாள். பொழுதோட வந்துருவோம் என்றேன். "ரெண்டு பேருமா?" என்றாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கல்லூரி மைதானத்தில் பரிசோதனை. எங்களுக்கு முன்னால் ஆறேழு வண்டி, பின்னால் வரிசை வாசல் வரைக்கும். அதிகாரி பெங்களூர்க்காரர், வெள்ளைத் தொப்பி. தீயணைப்பானின் தேதி பார்த்தார். பெல்ட்டின் தேதி பார்த்தார். கேஜ் சான்றிதழை வரிவரியாகப் படித்தார். குனிந்து தகட்டு போல்ட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். நல்ல அதிகாரி, இவர் கண்டுபிடித்துவிடுவார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

என் பக்கம் வந்து, தலைக்குப் பின்னால் இருக்கும் பஞ்சை அழுத்தினார். சரியாக அந்த இடத்தில். கை கொஞ்சம் நின்றது.

"ஃபோம் நல்லா திக்கா போட்டிருக்கீங்க. வெரி குட்" என்றார்.

கையெழுத்துப் போட்டு, கேஜில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்.

அப்போது லோகு கேட்டார்: "அவ்வளவுதானுங்களா?"

"வேற என்ன வேணும்?"

"இல்லீங்க, இந்தப் பஞ்செல்லாம் கழட்டிப் பாக்க மாட்டீங்களா?"

"சார், பேப்பர் பக்காவா இருக்கு. பின்னாடி நாப்பது வண்டி நிக்குது. எடுங்க சார்."

லோகு வண்டியை எடுத்து வேப்பமரத்தடியில் நிறுத்தினார். என்ஜினை அணைத்தார். சாவியை விடவில்லை. ஸ்டிக்கர் வாங்கிய மனிதரின் முகமா அது! இவர் எதற்குப் பஞ்சைக் கழற்றச் சொல்கிறார்?

"எப்பப் பாத்தீங்க?" என்றேன்.

எதை என்று அவர் கேட்கவில்லை. "சனிக்கெழம. அப்பா துளை போடறப்ப நான் மாடியில நின்னுட்டு இருந்தேன்."

"பாத்துட்டு நின்னீங்களா? தடுக்கலீங்களா?"

"தடுக்கல."

"ஏனுங்?"

பக்கத்தில் யாரோ என்ஜினை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். அது அடங்கிய பிறகு சொன்னார். "பரிசோதனையில புடிச்சுருவாங்கன்னு நெனச்சேன். புடிச்சுட்டாங்கன்னா போக வேண்டியதில்லையல்லோ." பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, "எனக்குப் பயமா இருக்குது ரேணு. கண்ண மூடுனா எல்லாத் திருப்பத்துலயும் கல்லு கெடக்குது" என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஹெல்மெட்டை மடியில் கட்டிக்கொண்டு குலுங்கினேன். ஞாயிற்றுக்கிழமையே நானும் பார்த்துவிட்டேன், நானும் அதற்குத்தான் வாயைத் திறக்கவில்லை என்று சொல்ல எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

"ஒரு வருஷமா ஏனுங் சொல்லல?"

"நீ ஆசைப்பட்டயல்லோ. எலும்பு கூடறதுக்குள்ள ரூல் புஸ்தகத்த எடுத்து வெச்சுட்டுப் படிச்சே."

"தூக்கம் வராம படிச்சனுங். நீங்க கேஜுன்னா முகம் தெளிஞ்சீங்கல்ல, அதான் ஆசைன்னு நெனச்சேன்."

"கேஜு கெட்டியா இருந்தா பயம் போயிரும்னு நெனச்சேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் எனக்கு அப்போதுதான் அந்தக் கோபம் வந்தது. துளை என் தலைக்கு மேலே இருக்கிறது. இவருக்குத் தெரியும். ஸ்டிக்கரும் ஒட்டியாயிற்று.

"நான் கேக்காம இருந்திருந்தா, நாளைக்கு என்னைய உக்கார வெச்சு ஓட்டியிருப்பீங்களா?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "நீ சொல்லாமயே உக்காந்திருப்பியா?"

என்னை நம்பித்தான் அவர் பார்க்காத திருப்பத்தில் வண்டியை விடுகிறார். அவரை நம்பித்தான் நான் சாலையைப் பார்க்காமல் நோட்ஸைப் பார்க்கிறேன். பத்து வருஷமாக அதுதான் எங்கள் பெருமை.

இறங்கி, பட்டையை அவிழ்த்து, அதிகாரியைக் கூட்டிவந்து காட்டினோம். அவர் தகட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "ஃபெயில் பண்ணுங்கன்னு வந்து கேக்கற ஆளுங்கள இப்பத்தான் பாக்கறேன்" என்றார். நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினார். நல்ல பசை, பாதிதான் வந்தது.

ஆகஸ்ட் 10, சனி

என் அக்கா வீட்டிலிருந்து சஷ்டிகாவைக் கூட்டி வந்தோம். மாமாவிடம் என்ஜினில் ஆயில் கசிவு என்று சொல்லிவிட்டோம். அதற்குத் தகடு தரமாட்டாரா அந்த ஜோசியர் என்று லோகு கேட்டார். தன் ரகசியம் வெளியாகிவிட்டது என்றுகூடத் தோன்றாமல் மாமா அதை நிஜமாகவே யோசித்தார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இந்நேரம் பல்லடத்தில் கடைசிச் சுற்று ஓடிக்கொண்டிருக்கும். மழை இல்லை, புழுதி இருந்திருக்கும்.

அரிசிம்பருப்புச் சாதத்துக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். லோகு வந்து எதிரில் உட்கார்ந்து பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமையிலிருந்து நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. உப்பு எங்கே, சாவி எங்கே என்பதோடு சரி.

"ஓட்டியிருப்பேன் ரேணு" என்றார்.

எதைச் சொல்கிறார் என்று உடனே தெரிந்தது. பொய் சொல்லியிருக்கலாம். நானும் நம்பியிருப்பேன்.

"நானும் உக்காந்திருப்பனுங்க" என்றேன். "கடைசி வரைக்கும் நோட்ஸ் படிச்சிருப்பேன்."

அவர் தலையை ஆட்டினார். ஹாலில் சஷ்டிகா தாத்தாவுக்கு அவருடைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பர் வாசித்துக் காட்டுவது கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு இரண்டு பேரும் வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அவமானமாக இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

ராபின் அண்ணன் போன் போட்டார். விஷயம் கேள்விப்பட்டுவிட்டார். புதுக் கேஜ் கிட்டுக்குப் புனேயில் பேசிவிட்டாராம். சரியென்று சொன்னால் நாளைக்கே அனுப்பிவிடுவார்களாம், அடுத்த ராலிக்குத் தயாராகிவிடலாமாம்.

"வேண்டாங்ணா" என்றேன்.

"ஏந்தங்கச்சி, ஒரு துளைக்குப் போயி? மாத்திப்போட்டாச் சரியாப் போச்சு."

லோகு உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வேலை இருக்கிறது, பிள்ளைக்குப் பரீட்சை, மில்லில் லீவு இல்லை, எது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். எல்லாம் வாய்க்குத் தயாராக வந்து நின்றன.

"பயமா இருக்குதுங்ணா" என்றேன்.

லோகு வெங்காயக் கையோடு போன் பக்கம் குனிந்தார்.

"எனக்கும்னு சொல்லு" என்றார்.